கூலிங்காரர் வீட்டு மெஷின்

அவரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கூலிங்காரரே" என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். வீட்டு ஃப்ரிட்ஜ், ஆபீஸ் ஏசி, இறைச்சிக் கடையின் குளிர் அறை என்று எதில் சூடு தங்கினாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். வந்ததும் திருப்புளியை எடுத்துவிட மாட்டார். முதலில் மெஷினின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு, "இதைச் சுவரோட ஒட்டி வெச்ச புண்ணியவான் யாரு?" என்று கேட்பார். அந்தப் புண்ணியவான் பெரும்பாலும் அவருக்கு எதிரிலேயே காபியோடு நின்றுகொண்டிருப்பார்.

கை சுத்தம். வாயைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஊருக்கெல்லாம் குளிர்ச்சி கொடுத்துவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது கொதித்துக்கொண்டு வருவார். வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் ஒரு சத்தம், தண்ணீர்க் குடத்துக்கு மூடி இல்லையென்றால் இன்னொரு சத்தம். அவர் மனைவி எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. "கேஸ் நிறைய ஏறியிருக்கு, இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்ததும் இறங்கிவிடும்.

ஒரு விஷயத்தில் அவருக்குக் கர்வம் உண்டு. தன் கைக்கு வந்த எதையும் "இது தேறாது, தூக்கிப் போடுங்க" என்று அவர் சொன்னதே இல்லை. துருப்பிடித்துத் தொட்டால் உதிரும் பெட்டியைக்கூட வீட்டுக்குத் தூக்கி வந்து, வாரக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டி, உறுமவைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார். தொழிலுக்கு அது நல்ல குணம்தான். வீட்டுக்கும் அது நல்லது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே மகள். கல்யாணமாகிப் போன பிறகும் வீட்டில் அவள் பாப்பாதான். அந்தப் பாப்பா ஒரு மத்தியானம் ஒரு பெட்டியோடும் ஒரு கம்ப்யூட்டரோடும் திரும்பி வந்து நின்றாள். மணிக்கட்டைச் சுற்றி மஞ்சளாகிக்கொண்டிருந்த ஒரு தடம் இருந்தது. அம்மா அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவும் பார்த்தார். பார்த்துவிட்டு, கடையில் வேலை கிடக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். என்ன பேசுவது என்று தெரியாத இடத்திலிருந்து நழுவிவிடுவது அவர் வழக்கம்.

பாப்பா தன் பழைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள். கேட்டதற்கு உம் கொட்டுவாள். அப்படியே சில வாரங்கள் போன பிறகு வீட்டுக்கு அட்டைப்பெட்டிகள் வர ஆரம்பித்தன. அலுமினியச் சட்டங்கள், கொத்துக் கொத்தாக வயர், செங்கல் கனத்தில் கிராஃபிக்ஸ் கார்டுகள். அறைக்குள் ஏதோ உருவாகிக்கொண்டிருந்தது. ஒருநாள் அது மூச்சு விட ஆரம்பித்தது.

"என்னடி இது, புயலடிக்கற மாதிரி சத்தம்?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

"கிரிப்டோ மைனிங்மா. காசு தோண்டற மெஷின்."

"தோண்டறதா? நம்ம வீட்டுக்கு அடியிலயா?"

பாப்பாவுக்கு வெகுநாள் கழித்துச் சிரிப்பு வந்தது. "இல்லம்மா. அது ஒரு கணக்கு. உலகம் பூரா இருக்கற மெஷினுங்க போட்டி போட்டுக்கிட்டு அந்தக் கணக்கைப் போடும். முடிச்சா கொஞ்சம் காசு வரும். கையில தொடற காசு இல்ல, கம்ப்யூட்டர்ல இருக்கற காசு."

"பரீட்சை எழுதற மாதிரியா?"

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

"அதுக்கு ஏன் இப்படி இரைக்குது?"

"கஷ்டமான பரீட்சைம்மா."

கூலிங்காரருக்கு அந்தக் கணக்கும் புரியவில்லை, காசும் புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான். வேலை முடிந்து வந்து கூடத்தில் சுவரில் முதுகைச் சாய்த்தார், சுவர் சுட்டது. எழுந்து போய் மகளின் அறைக் கதவைத் திறந்தார். உள்ளே ஏசி குளிரின் கடைசிப் படியில் ஓடிக்கொண்டிருந்தது. அறை அடுப்பாக இருந்தது. மெஷினின் பின்பக்கத்தில் கையை வைத்தவர், வாரக்கணக்கில் மகளோடு பேசாமல் இருந்ததையெல்லாம் மறந்து கத்திவிட்டார்.

"அறிவிருக்கா உனக்கு? சூட்டைக் கொல்ல முடியாதும்மா, வெளிய அனுப்பத்தான் முடியும். அது போக வழியே விடாம உள்ள அடைச்சு வெச்சுட்டு, ஏசியைப் போட்டுத் துரத்தினா அது எங்க போகும், பாவம்?"

பாப்பா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப என்னதான் பண்றது, சொல்லுங்க."

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் அந்த வீட்டின் நல்ல காலம். அறையின் குறுக்கே பிளைவுட் தடுப்பு ஒன்று எழுந்தது. தடுப்பில் ஒரு சன்னல் வெட்டி, மெஷினை அதில் பொருத்தினார்கள். முன்பக்கமிருந்து வலை வழியாகக் காற்று வரும், கார்டுகளின் சூட்டை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போகும், அங்கிருந்து மடிப்புக் குழாய் வழியாக வெளியே தள்ளப்படும். கார்டுகளை நெருக்கி வைத்திருந்தவளிடம், நடுவில் விரல் நுழைய இடம் விடச் சொன்னார். பழைய கார்டைப் பிரித்து, சூட்டைக் கடத்த உள்ளே தடவியிருந்து காய்ந்துபோன பேஸ்டைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவுவதை அவள் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவர் தாராளமாகத் தடவினார். "பல் தேய்க்கவா போறீங்க? இவ்வளவு எதுக்கு?" என்று அவள் துடைத்தாள். அவர் உள்ளங்கையை வைத்து இத்தனை டிகிரி என்பார், அவள் போனில் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்வாள். பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும். "சென்சார் கோளாறு" என்று அசடு வழிவார்.

மெஷினின் நிலையைக் காட்டும் அந்தப் பக்கத்தை அவருடைய போனிலும் போட்டுக் கொடுத்தாள். ஒரு பச்சைப் புள்ளி, கார்டுகளின் சூடு, விசிறிகளின் வேகம். பச்சை இருந்தால் மெஷின் ஓடுகிறது என்று அர்த்தம். "உலகத்துல எங்க இருந்தாலும் பாக்கலாம்பா. நான் என் போன்லேருந்து வேகத்தைக் கூட்டவும் செய்யலாம். உங்க போன்ல பாக்க மட்டும்தான், கையை வெச்சுக் கெடுத்துடுவீங்க."

அவர்கள் சூட்டைப் பற்றி மட்டுமே பேசினார்கள். மணிக்கட்டுத் தடத்தைப் பற்றியோ, புருஷன் வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அவருக்குக் கேட்கத் தெரியவில்லை, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவள் சாப்பிட்டாள், சிரித்தாள், அம்மாவோடு வாயாடினாள். மனிதர் அதைப் பார்த்துக் கணக்குப் போட்டார்: மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது, இனி எடுத்துப் போய் இருந்த இடத்தில் மாட்டிவிடலாம். இந்த இடத்தில் அவரைத் திட்டத் தோன்றும். திட்டலாம், தப்பே இல்லை.

ஒரு காலையில் பாப்பா கைவிரலெல்லாம் சாம்பல் நிறப் பேஸ்டோடு அறையிலிருந்து வந்தபோது, கூடத்தில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பை நிறையப் பழம்.

அவள் கத்தவில்லை. "யாரு வரச் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள்.

"நான்தாம்மா" என்றார் அப்பா. "எதுக்கும் ஒரு வழி இருக்கும். உக்காந்து மனசு விட்டுப் பேசினா..."

"நான் ஃப்ரிட்ஜ் இல்லப்பா."

பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்கும் தெரியுமா?"

அம்மா தரையைப் பார்த்தாள். அந்தத் தரையைப் பார்த்த பார்வைதான் எல்லாவற்றையும் முடித்து வைத்தது. அப்பாவை அவள் மன்னித்திருப்பாளோ என்னவோ. அம்மாவுக்கும் தெரியும் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அன்று மத்தியானமே அதே பெட்டியோடும் அதே கம்ப்யூட்டரோடும் கிளம்பிவிட்டாள். மெஷினை எடுத்துப் போக முடியாது. அது ஓடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையை வாசலோடு அனுப்பிவிட்டு வந்த கூலிங்காரர், யார் மேல் என்று தெரியாத ஆத்திரத்தில் நேராக அந்த அறைக்குள் போனார். வயரைப் பிடுங்கிப் போடப் போன கையை மனைவி எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல கை வெச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன். அவ எங்க போனாலும் இதைப் பாத்துக்கிட்டுதான் இருப்பா. நம்மகிட்டேருந்து அவளுக்குப் போற சேதி இனிமே இது ஒண்ணுதான்."

பாப்பாவின் போன் நம்பர் செத்துப்போனது. தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து ஒரு செய்தி வந்தது: வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது, நன்றாக இருக்கிறேன், தேட வேண்டாம். அதற்குப் பதில் எழுதினார்கள். போய்ச் சேரவில்லை.

சில வாரம் கழித்து ஒருநாள் காலை, போனைப் பார்த்துக்கொண்டே பல் தேய்த்துக்கொண்டிருந்த கூலிங்காரர் அப்படியே நின்றுவிட்டார். விசிறிகளின் வேகம் ஏறியிருந்தது. அவர் தொடவில்லை, தொடவும் முடியாது. நேற்று வெயில் கடுமையாக இருந்தது. சூடு ஏறியதைப் பார்த்து, எங்கிருந்தோ ஒரு கை விசிறியைக் கூட்டியிருக்கிறது. வாயில் நுரையோடு ஓடிப்போய் மனைவியிடம் காட்டினார்.

"பாப்பா வந்துட்டுப் போயிருக்கா" என்றாள் அவள். அடுப்பை அணைத்துவிட்டு அந்த அறைக்குள் போய், மெஷின் முன்னால் நாற்காலி போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வலையில் தூசி படிய விடமாட்டார். ஊதுகுழல் மெஷினால் ஒவ்வொரு இடுக்கையும் ஊதுவார். அவர் சுத்தம் செய்வார், சூடு இறங்கும்; மறுநாள் பார்த்தால் விசிறியின் வேகத்தை யாரோ குறைத்திருப்பார்கள். அவர் குழாயைச் சுருக்கிப் பொருத்துவார், இன்னும் ஒரு டிகிரி இறங்கும்; விசிறி இன்னும் கொஞ்சம் குறையும். மகளோடு அவர் பேசிக்கொண்டிருந்தார் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். முன்னாலும் அவர்கள் இதைத்தானே பேசினார்கள். தப்புப் பண்ணிட்டேம்மா என்று வாயால் சொல்லத் தெரியாத மனிதர், டிகிரி டிகிரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதுல எழுதி அனுப்ப முடியாதா?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"பாக்க மட்டும்தான்."

"அதுவும் சரிதான். எழுதினா நீங்க ஏதாவது ஏடாகூடமா எழுதிடுவீங்க."

மின்சாரம் போனாலும் மெஷின் நிற்கக் கூடாதென்று பேட்டரி வரிசை வைத்தார். அதற்கு வயர் இழுத்துக் கொடுத்தது மனைவியின் தம்பி. வயரிங் வேலைதான் அவருக்குத் தொழில். "இது இழுக்கற கரண்டுக்கும் வர்ற காசுக்கும் கட்டுபடியாகாது மாமா, உங்களுக்கு என்ன கிறுக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் இழுத்துக் கொடுத்தார். வெளியூர் வேலைகளைக் கூலிங்காரர் ஒப்புக்கொள்வதில்லை. கோபம்கூடக் குறைந்துவிட்டது. செருப்பு கோணலாகக் கிடந்தால் அவரே குனிந்து நேராக வைப்பார். அந்த நல்ல பிள்ளைத்தனத்தைப் பார்க்க மனைவிக்குச் சகிக்கவில்லை. "ஒரு தடவை கத்துங்களேன், வீடு வீடு மாதிரியே இல்ல" என்பாள்.

அடுத்த கோடையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் வெயில் என்றாள், அப்புறம் வயசு என்றாள். நடக்கும்போது சுவரைப் பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார். இனிமேல் செய்வதற்கு அதிகம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கூலிங்காரர் அதைக் கேட்டுவிட்டு, "இல்லைங்க, ஏதாவது ஒரு வழி இருக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் அவர் தோளில் கை வைத்தார்.

பாப்பாவைத் தேடி அலைந்தார். அவள் முன்பு வேலை பார்த்த ஆபீஸில் விசாரித்தார், பழைய தோழி ஒருத்தியின் வீட்டு வாசலில் போய் நின்றார். "எனக்கும் அவகிட்டேருந்து பேச்சே இல்ல அங்கிள்" என்று சொன்னவள் அழுதுவிட்டாள். அதற்கு மேல் எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவளுக்கு ஒரு சாயங்காலம் யோசனை வந்தது.

"என்னங்க, ஒண்ணு பண்ணுங்களேன். அந்த மெஷினை நிறுத்திடுங்க."

"நிறுத்தறதா?"

"ஆமா. தினம் பாக்கறாளே, ஒருநாள் பச்சை இல்லேன்னா பதறிட மாட்டாளா? என்னமோ ஏதோன்னு போன் பண்ணுவா. அப்ப சொல்லிடுங்க. எனக்கு அவளை ஒரு தடவை பாக்கணும்."

எத்தனை நல்ல யோசனை. அவருக்கும் அப்படித்தான் பட்டது. வேகவேகமாக வீட்டுக்குப் போனார், அறைக்குள் போனார், சுவரில் இருந்த பெரிய சுவிட்சின் மேல் கையை வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

பாப்பா என்ன நினைப்பாள்? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றா நினைப்பாள்? அப்பா கோபத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டார் என்றுதானே நினைப்பாள்? அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதுதானே? சரி, அவ்வளவுதான், இந்த வீட்டில் நமக்கு இனி ஒன்றுமில்லை என்று அந்தப் பக்கத்தையே மூடிவிட்டால்? இத்தனை நாளாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்த நல்ல பெயரெல்லாம் ஒரு சுவிட்சில் போய்விடுமே. அவர் கையை எடுத்துக்கொண்டார். வலையைக் கழற்றிக் கழுவினார். ஒவ்வொரு கார்டையும் பிரித்துப் புதுப் பேஸ்ட் தடவினார், அவள் சொல்லிக் கொடுத்த அளவுக்கு. ஒவ்வொன்றாகப் பிரித்து, மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொண்டார். சூடு இதுவரை இறங்காத அளவுக்கு இறங்கியது. இதைப் பார்த்தால் அவள் மனசு இளகும், வந்துவிடுவாள் என்று நம்பினார். நிஜமாகவே நம்பினார்.

மறுநாள் மனைவி கேட்டாள். "நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்திட்டேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை ஏன் வாயிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு, அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை. அவள் தன் போனை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவை அவர் உள்ளே வரும்போதும் அதே கேள்வி.

"உங்க போனுக்கு வந்துச்சா?"

"வரும்."

"இன்னும் பாத்திருக்க மாட்டா. வேலை இருக்கும்ல."

"ஆமா, வேலை இருக்கும்."

பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் அவரே தன் போனை எடுத்துப் பார்ப்பதுபோலப் பாவனை செய்தபோது, அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள். "விடுங்க. அவ வரமாட்டா. நாம பண்ணினதுக்கு அவளைக் குத்தம் சொல்ல முடியாது. எங்கயோ நல்லா இருந்தா சரி." அவர் வாயைத் திறந்தார். இப்போதாவது சொல்லிவிட வேண்டும், நான் நிறுத்தவே இல்லை, அவளுக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தார். நர்ஸ் ஊசியோடு வந்தாள். ஊசி போட்டதும் மனைவி தூங்கிவிட்டாள். அதன்பின் அவள் பேசுகிற அளவுக்கு விழித்துக்கொள்ளவில்லை.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உறவுக்காரர்கள் வந்து சேர வேண்டும் என்பதால் கூடத்தில் ஐஸ் பெட்டி கொண்டுவந்து வைத்தார்கள். அந்த மாதிரிப் பெட்டிகளை எத்தனையோ தடவை பழுது பார்த்தவர் அவர். பழக்க தோஷத்தில் பின்பக்கம் போய் உள்ளங்கையை வைத்தார். வைத்த பிறகுதான் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது உறைத்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து, முதுகு குலுங்க அழுதார்.

பெட்டியை ஓடவிட்ட கொஞ்ச நேரத்தில் வீட்டு மின்சாரம் பட்டென்று போனது. மைத்துனர் மீட்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"லோடு தாங்கலை மாமா. அந்த ரூம் மெஷினை ஆஃப் பண்ணுங்க."

"வேண்டாம்."

"மாமா, அக்காவுக்கு ஐஸ் பெட்டி ஓடணும்."

"பக்கத்து வீட்டுலேருந்து வயர் இழு."

மைத்துனர் அவரையே பார்த்தார். "நீங்க மனுஷனா? என் அக்கா இங்க கிடக்கா. உங்களுக்கு அந்தக் காசு தோண்டற எழவு ஒருநாள் நிக்கக் கூடாதா?"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள், எல்லோரும் ஒரே மாதிரிதான் நினைத்தார்கள். காசுக்கு இப்படியா பேயாக அலைவது என்று பேசிக்கொண்டார்கள். அவருக்குக் காசு கண்ணிலேயே இல்லை. ஒரு பயம்தான் இருந்தது. இப்போது நிறுத்தி, இப்போது பாப்பா கூப்பிட்டுவிட்டால்? அத்தனை நாள் தலையணைக்குப் பக்கத்தில் வாய் மூடிக் கிடந்த போன் இப்போது அடித்துவிட்டால்? முன்பே நிறுத்தியிருந்தால் அவள் கூப்பிட்டிருப்பாள் என்று தெரிந்துகொள்வதை மட்டும் அவரால் தாங்க முடியாது. பக்கத்து வீட்டுச் சன்னல் வழியாக வந்த வயரில்தான் ஐஸ் பெட்டி ஓடியது. மைத்துனர் அதன்பிறகு அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

மழைக்காலம் வந்து போனது. கூலிங்காரர் காலையில் எழுந்து மெஷினைத் துடைப்பார், வேலைக்குப் போவார், வந்து மெஷினைத் துடைப்பார். விசிறி வேகம் அவ்வப்போது மாறும். அதைப் பார்த்து இப்போது அவருக்குச் சந்தோஷம் வருவதில்லை, ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டூலில் நின்று குழாயின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு வாசலில் குரல் கேட்டது.

"அம்மா!"

அவர் இறங்கி வருவதற்குள் பாப்பா கூடத்துக்கு வந்துவிட்டாள். முடியை வெட்டியிருந்தாள், மெலிந்திருந்தாள். கையில் ஒரு பை, அதிலிருந்து ஒரு கம்பளிச் சட்டையின் கை எட்டிப் பார்த்தது. அவரைப் பார்த்ததும் முறைப்பாக ஒரு முகம் வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

"கோவமெல்லாம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்கப்பா. லீவு கிடைச்சுது, வந்தேன். அம்மா எங்க? மார்க்கெட்டுக்கா?"

அவர் சுவரைப் பார்த்தார். அவள் அவர் பார்வை போன பக்கம் திரும்பினாள். சுவரில் அம்மாவின் படம் புதுச் சட்டத்தில் மாட்டியிருந்தது. பாப்பா அதைப் பார்த்தாள், திரும்பி அவரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பை கீழே விழுந்தது.

அழுது முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு அவளாகவே எழுந்து தன் அறைக்குப் போனாள். மெஷின் முன்னால் அம்மா போட்டு வைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் கதவோரம் நின்றார்.

"எப்பப்பா?"

"மழைக்கு முன்னால."

"அந்த மாசம்தான் இது ரொம்ப நல்லா ஓடுச்சு" என்றாள். "தினம் காலையில எழுந்ததும் முதல்ல இதைத்தான் பாப்பேன். சூடு இறங்கிக்கிட்டே வந்துச்சு. அம்மா உங்களை விரட்டி விரட்டித் துடைக்க வைக்கறான்னு நெனச்சு நான் சிரிச்சுக்குவேன்பா. ஒருநாள்கூட நிக்கலையே. நின்னாதானே ஏதோ சரியில்லன்னு தெரியும். நானாக் கூப்பிட எனக்கு வாய் வரலை. ஏதாவது ஒரு காரணம் கிடைச்சா கூப்பிடலாம்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

அவர் பார்வை சுவரில் இருந்த சுவிட்சுக்குப் போனது.

"அம்மா என்னைக் கேட்டாளா?"

கூலிங்காரர் மெல்ல நடந்து போய்ச் சுவரில் இருந்த பெரிய சுவிட்சைக் கீழே இறக்கினார். விசிறிகள் ஒவ்வொன்றாகத் தயங்கித் தயங்கி நின்றன. அந்த வீட்டில் அவ்வளவு நிசப்தம் இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது. தெருவில் யாரோ சைக்கிளை உருட்டிப் போகும் சத்தம் உள்ளே வரை கேட்டது.

"ஏம்பா நிறுத்திட்டீங்க?"

அவர் தரையில் உட்கார்ந்தார். "உங்கம்மா இதைத்தான் செய்யச் சொன்னா. இது நின்னா நீ போன் பண்ணுவே, வந்துடுவே அப்படின்னு சொன்னா. நான்... நிறுத்திட்டேன்னு அவகிட்ட சொன்னேன். நிறுத்தலை. நீ என்னைத் தப்பா நினைச்சுடுவியோன்னு நிறுத்தலை. அவ உன் போனுக்குக் காத்துக்கிட்டு இருந்தா, பாப்பா. நீ பாத்துட்டும் கூப்பிடலைன்னு நெனச்சுக்கிட்டே..."

அவர் சொன்னது அவளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நின்றுபோன விசிறி ஒன்றை விரலால் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று அவள் மடியில் இருந்த போன் அலறியது. சாதாரணமாக மணி அடிக்கிற சத்தம் இல்லை. தீப்பிடித்த கட்டடத்தில் அடிக்கிற சத்தம். அவர் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார்.

"என்னம்மா அது?"

அவள் போனைப் பார்த்தாள்.

"மெஷின் நின்னா அடிக்கறதுக்கு வெச்சிருந்தேன்பா. நாலஞ்சு நிமிஷம் ஆகும், அப்புறம் அடிக்கும். தூங்கினாலும், மீட்டிங்ல இருந்தாலும், போனை சைலண்ட்ல போட்டாலும் இது மட்டும் அடிக்கும். வேற எதுக்கும் இந்தச் சத்தம் வெக்கல. இங்கேருந்து போன அன்னைக்கே வெச்சது. ஒரு தடவைகூட அடிச்சுக் கேட்டதில்ல."

அது அலறிக்கொண்டே இருந்தது. அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "நிறுத்தும்மா, நிறுத்திடு பாப்பா" என்று கெஞ்சினார். அவள் நிறுத்தவில்லை. போனைத் தரையில் அவருக்கும் தனக்கும் நடுவில் வைத்துவிட்டு, அது தானாக ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.